தண்ணீர்க் கண்ணாடியும் இடது கடைவாயும்

அந்தச் சலவைக்கூடத்தின் பின்பகுதியில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர். அந்தப் பக்கம் இஸ்திரிக் கூடம், அதில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி பாய்லர்காரரின் மனைவி. கட்டடத்துக்குப் படம் போட்ட மகானுபாவன் நீராவிக் குழாயின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் யோசித்திருக்கிறான். பாய்லர் வெடித்தாலும் நீராவி அதிக தூரம் போக வேண்டியிருக்காது என்பது அவன் மண்டையில் உறைக்கவில்லை.

பாய்லர்காரரை எல்லோரும் ஊமையண்ணன் என்று கூப்பிட்டார்கள். ஊமையெல்லாம் இல்லை. இடது கடைவாயில் எப்போதும் ஒரு சிட்டிகை புகையிலை அடங்கியிருக்கும். வாயைத் திறந்தால் வழியும் என்பதால் கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்பார். ஆமாம் என்றாலும் ‘ம்’, இல்லை என்றாலும் ‘ம்’, போய்த் தொலை என்றாலும் அதே ‘ம்’. இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. பர்னருக்கான எண்ணெய்த் தொட்டி பக்கத்திலேயே இருந்ததால் அங்கே சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் பலகை தொங்கியது. வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பலகைக்குப் பயந்துதான் புகையிலையைப் பிடித்தார். அப்புறம் அது அவரைப் பிடித்துக்கொண்டது.

அவருடைய மனைவி தன் கணவனின் குரலை முழு வாக்கியமாகக் கேட்பது காலையில் கால் மணி நேரம் மட்டும்தான். பல் துலக்கியதற்கும் முதல் சிட்டிகைக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் அது. வாடகை வீட்டுக்காரர் சொன்னது, மகள் தொலைபேசியில் அழுதது, கூரையில் ஒழுகுவது என்று எல்லாச் சேதியையும் அந்தக் கால் மணிக்குள் அள்ளிப்போட்டு பதில் வாங்கிக்கொள்வாள். மறந்துபோனது எதுவானாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாய்லரில் முக்கியமான விஷயம் தண்ணீர். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்ட முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். தண்ணீர்க் கோடு அதில் பாதியில் நிற்க வேண்டும். இறங்கினால் பம்ப் சுவிட்சைப் போட வேண்டும். ரொம்பவும் இறங்கி, இரும்புத் தகடு வெறுமையாகக் காய்ந்துகிடக்கும்போது அதன்மேல் பச்சைத் தண்ணீரை விட்டால் அதோடு கதை முடிந்தது. இதற்காகவே ஒரு விசில் உண்டு. ஆனால் அது தண்ணீர் இருக்கும்போதும் கத்தும், இல்லாதபோதும் கத்தும். எரிச்சல் தாங்காமல் சூப்பர்வைசர் என்றைக்கோ அதன் வாயைக் கம்பியால் கட்டிவிட்டார். ஊமையண்ணனின் கண்ணைவிடவா விசில் பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்ப்பார், ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார்.

உண்மை வேறு. கண்ணாடிக் குழாய்க்கு நேர் கீழே தரையில் ஒரு வடிகால் இருந்தது. கால் மணிக்கு ஒருமுறை அவர் அதில் துப்புவார். குனிந்து துப்பிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடி சரியாக மூக்குக்கு நேராக நிற்கும். கோடு இறங்கியிருந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். இருபத்தாறு வருஷமாக அந்தப் பன்னிரண்டு பெண்களையும் காப்பாற்றியது அவர் கண்ணும் இல்லை, கருத்தும் இல்லை. எச்சில்தான் காப்பாற்றியது. இது அவருக்கே தெரியாது.

பல்வலி என்று மனைவி வலுக்கட்டாயமாக இழுத்துப்போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பல் டாக்டர் பல்லைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கன்னத்தின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கடைவாயில் விரல்நகம் அளவுக்கு வெள்ளையாகத் தடித்திருந்தது. சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. மூன்று வாரம் ஒரு சிட்டிகைகூட வைக்காமல் இருந்தால் இது தானாக மறைய வாய்ப்பு உண்டு என்றார். மறையாவிட்டால் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என்ன பரிசோதனை என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மனைவியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டதை மட்டும் பாய்லர்காரர் பார்த்தார்.

டாக்டர் நல்லவர். விவரமாகச் சொன்னார். முதல் மூன்று நாள்தான் மோசம். தலை வலிக்கும், எரிந்து விழுவீர்கள், கவனம் ஒரு இடத்தில் நிற்காது. ஆசை வரும்போது மலை மாதிரி வரும், ஆனால் பத்து நிமிஷம் தாங்கினால் தணிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், சூயிங்கம் மெல்லுங்கள், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். கடைசியாக ஒன்று கேட்டார்.

“வழக்கமா எங்க துப்புவீங்க?”

“வேலை செய்யற இடத்துல ஒரு வடிகால் இருக்குங்க.”

“அந்தப் பக்கமே போகாதீங்க. கால் அங்க போனா கை பாக்கெட்டுக்குப் போகும்.”

சரியான யோசனைதான். ஆயிரம் பேருக்குச் சொன்னால் ஆயிரம் பேருக்கும் நன்மை செய்யும். அந்த வடிகாலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாய்லர்காரர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் புகையிலை டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வீராப்பாக வேலைக்குப் போனார். மதியத்துக்குள் சட்டைப் பாக்கெட்டை நாற்பது தடவை தடவிப் பார்த்துவிட்டார். இரண்டாம் நாள் காலையில் மனைவியிடம் சட்டைப் பொத்தானுக்காகச் சண்டை போட்டார். அந்தப் பொத்தான் ஒரு வருஷமாகவே இல்லை. நாக்கு சும்மா இருக்காமல் இடது கடைவாய்க்குப் போய்ப் போய்த் தேடியது. காலி வீட்டில் ஆளைத் தேடுகிற மாதிரி தேடியது. ராத்திரித் தூக்கமும் சரியில்லை. ஆனாலும் மகள் கூப்பிட்டபோது அவரே எடுத்து ஐந்து நிமிஷம் பேசினார். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் அம்மாவிடம் பயந்துபோய்க் கேட்டாளாம்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. டாக்டர் சொன்னபடி வடிகால் பக்கம் போகாமல், வாசலோரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பழைய கயிறு. முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பக்கத்து அறையில் துணி பிழியும் மெஷினை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். உறவு எதுவும் இல்லை, இருவரும் ஒரே டப்பாவில் கை விட்டுப் பழகியதால் மச்சான் ஆனவர்கள். மூஞ்சி ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று அவர் கேட்க, இவர் எரிந்து விழ, அவர் போய்விட்டார். மலை மாதிரி ஒரு ஆசை வந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டார். அது தணிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. உடனே அடுத்தது வந்தது.

எத்தனை பத்து நிமிஷம் அப்படிப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. காய்ந்த பெயின்ட் சூடாகிற வாசனை மூக்கில் ஏறியபோதுதான் நிமிர்ந்தார். அந்த வாசனை அங்கே வரக் கூடாது.

எழுந்து கண்ணாடியிடம் போனார். குழாய் பளிச்சென்று இருந்தது. கோடு இல்லை.

பாய்லர்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பயம் ஒன்று உண்டு. கழுத்து வரை தண்ணீர் நிறைந்த கண்ணாடியும், சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோடு தெரிந்தால்தான் கணக்கு. கடைசியாக எப்போது பம்ப் போட்டோம் என்று யோசித்தார். எட்டு மணிக்கா? ஒன்பதுக்கா? மண்டைக்குள் புகையிலையைத் தவிர எதுவும் இல்லை. கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போய்விட்டது. விரல் அதன்மேல் பட்டும்விட்டது. அந்த விரலை எது தடுத்தது என்று இன்றைக்கும் அவரால் சொல்ல முடியவில்லை.

விரலை எடுத்தார். கண்ணாடிக்குக் கீழே உள்ள சின்னத் திருகைத் திறந்தார். நிறைந்திருந்தால் தண்ணீர் சீறும். வெறும் நீராவிதான் வந்தது. அதுவும் காய்ந்த நீராவி, நிறமே இல்லாமல் வந்தது.

பர்னரை அணைத்தார். இனி அந்தத் தகடு தானாக ஆறினால்தான் உண்டு. அதுவரை யாரும் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. சுற்றிக்கொண்டு ஓடி இஸ்திரிக் கூடத்தின் வாசலில் நின்று கத்தினார்.

“எல்லாரும் வெளிய போங்க. எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய போங்க.”

யாரும் நகரவில்லை. அந்தக் குரலை அந்தக் கூடத்தில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. கத்துவது ஊமையண்ணன் என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி விரிப்பை மடித்து முடிக்கட்டும் என்றாள். மனைவி மட்டும் அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி ஓடவும் மற்றவர்களும் ஓடினார்கள். முற்றத்தில் வெயிலில் அரை மணி நேரம் பன்னிரண்டு பேரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் நின்ற அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து உள்ளே இறங்கிப் பார்த்தார். தகடு தப்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நான் வந்திருக்க வேண்டியதே இல்லை என்றார். விசிலுக்குள் இருக்கிற மிதவை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதாம். புதியது வர மூன்று வாரம் ஆகும். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்துகிடந்தன. பாய்லரை நிறுத்திவைக்க முடியாது என்றது மேலிடம்.

எப்படி நடந்தது என்று சூப்பர்வைசர் கேட்டபோது பாய்லர்காரர் ஒளிக்காமல் சொன்னார். துப்பப் போகவில்லை, அதனால் பார்க்கவில்லை. சொல்லும்போதே அது அவருக்கு முதல்முறையாகப் புரிந்தது. சூப்பர்வைசர் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க. விசில் வர்ற வரைக்கும் பழையபடி போட்டுக்கோங்க. மூணு வாரம்தானே. அப்புறம் நிம்மதியா விட்டுடலாம்.”

மச்சான் ஒரு படி மேலே போய், ஒரு புது டப்பாவையே கொண்டுவந்து கையில் திணித்தார். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பிரிக்கவும் இல்லை. ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் செருகிவைத்தார். இஸ்திரிக் கூடத்திலும் பேச்சு அதுதான். ஊமையண்ணனைப் பழையபடி போடச் சொல்லு, எங்க வீட்டுலயும் பிள்ளை குட்டி இருக்கு என்று அவர் மனைவியிடமே சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவியைக் கேட்டார். பழைய கால் மணிக் கணக்கெல்லாம் போய்விட்டது, இப்போது எந்நேரமும் கேட்கலாம்.

“நீ என்ன சொல்ற?”

“நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கறவ. உங்களோட வீட்டுக்கு வர்றவளும் நான்தான். எனக்கு ரெண்டும் வேணும்.”

மறுநாள் அவளே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். இருபது விரிப்பு தேய்க்கக் கால் மணி ஆகும். இருபது முடிந்ததும் பிரஷ் கட்டையால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அவர் போய்க் கண்ணாடியைப் பார்த்து, திருகைத் திறந்து பார்த்து, பதிலுக்குக் கைமுட்டியால் இரண்டு தட்ட வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் வேறு மாதிரி இருந்தாலோ, பன்னிரண்டு பேரும் பேசாமல் வெளியே போய்விடுவார்கள். இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் இப்போதுதான் பேசிப் பழகுகிறார்கள், அதுவும் நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு என்று ஒருத்தி கிண்டலடித்தாள். ஆனால் தட்டு கேட்டதும் அந்தக் கூடமே கையை நிறுத்திக் காது கொடுக்கும். ஒருத்தி சத்தமாகவே எண்ணுவாள். பதினெட்டு, பத்தொன்பது என்று போகும்போது காலடியில் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்கும்.

அந்தப் பக்கம் அவருக்கும் நிலைமை அதேதான். வடிகாலுக்கு மேலேயே நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் வாய் ஊறியது. டாக்டர் சொன்னதற்கு நேர்மாறாக, ஆசை பிறக்கிற இடத்துக்கே கால் மணிக்கு ஒருமுறை போய் நின்று, பதில் தட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் கொஞ்சம் லேசானது. பத்தாம் நாள் காலையில் பாக்கெட்டைத் தடவவே மறந்துபோனார். ஆனால் வீட்டில், கண்ணாடி முன் டார்ச் பிடித்துக் கன்னத்தை இழுத்துப் பார்ப்பது மட்டும் கூடிக்கொண்டே போனது. மனைவி எட்டிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார். குறைஞ்சிருக்கு என்பார். குறைந்துதான் இருந்தது. முழுசாகப் போனதா என்று அவள் கேட்டால் மட்டும் பழைய ‘ம்’ திரும்ப வரும்.

இருபத்திரண்டாம் நாள் காலை டாக்டரிடம் தனியாகப் போனார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்தார். டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். இந்த முறையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளை பெரும்பாலும் போய்விட்டது, நன்றாக முயற்சி செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பின்பக்கத்தில் மட்டும் ஒரு மிளகு அளவுக்கு இருக்கிறது, அதன் ஓரம் சிவந்திருக்கிறது என்றார்.

“அது என்னன்னு பாத்து சொல்ல முடியாதுங்களா?”

“பாத்தா நல்லதும் கெட்டதும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எடுத்துப் பாத்தாதான் தெரியும். வர்ற திங்கள்கிழமை வாங்க.”

பாய்லர்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மதியம் வேலைக்குத் திரும்பினார். காலையில் அவருக்குப் பதிலாக நின்றவர் போய்விட்டார். பாய்லர் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளில் வந்ததைவிடப் பெரிதாக ஆசை வந்தது. இனி எதற்காக விட வேண்டும் என்ற கேள்வியையும் கூட்டிக்கொண்டு வந்தது. வருவது வந்துவிட்டது என்றால் வாயை மட்டும் எதற்குப் பட்டினி போட வேண்டும்? ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் கை விட்டார். டப்பா அங்கேயே இருந்தது. மூடியைத் திருகினார். வாசனை வந்ததும் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சிட்டிகையை விரலில் எடுத்தார்.

சுவரில் இரண்டு தட்டு.

கால் தானாகக் கண்ணாடியிடம் போனது. கோடு பாதியில் நின்றது. திருகைத் திறந்தார், தண்ணீர் சீறியது. மூடினார். எல்லாம் சரி. கையில் டப்பா இருந்ததை மறந்து அதைக்கொண்டே சுவரில் இரண்டு தட்டினார். டணார், டணார் என்று கேட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இஸ்திரி போடும் சத்தமும் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் முற்றத்தில் பதினொரு பெண்களும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பதில் வேறு மாதிரி வந்ததால் ஒப்பந்தப்படியே வெளியே வந்துவிட்டார்கள்.

மனைவி டப்பாவைப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தாள்.

“போட்டீங்களா?”

“இல்ல.”

“வாயத் தொறங்க.”

கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க அவர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு முன்னால் அந்தக் கடைவாயை அவர் காட்டியதே இல்லை. அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“எங்க?”

விரலால் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“எடுத்துப் பாத்தாதான் தெரியுமாம். திங்கள்கிழமை வரச் சொன்னாங்க.”

“காலையில இருந்து இத மனசுல வச்சுக்கிட்டுத்தான் நின்னீங்களா?”

அவர் ‘ம்’ என்றார். பிறகு, ஆமாம், பயமா இருக்கு என்றார்.

அவள் டப்பாவை வாங்கி வடிகாலில் கொட்டினாள். சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, போகிற வரைக்கும் காலால் தள்ளிவிட்டாள். முற்றத்தைப் பார்த்து, தண்ணி இருக்கு, உள்ள வாங்க என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். திங்கள்கிழமை தானும் வருவதாகவும், லீவு தராவிட்டால் வேலையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அந்தக் கால் மணி நேரமும் அவர் கண்ணாடி முன்னாலேயே நின்றார். கோட்டைப் பார்த்தபடி நின்றார். நாக்கு ஒருமுறை இடது கடைவாய்க்குப் போய், அந்த மிளகைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. சுவரில் இரண்டு தட்டு கேட்டது. திருகைத் திறந்து பார்த்து, கைமுட்டியால் இரண்டு தட்டினார்.

கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக மூன்றாவதாக ஒரு தட்டு வந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. அவரும் ஒன்று கூடுதலாகத் தட்டினார்.